விமான நிலையத்தில் நின்ற கப்பல்கள்

2017 ஜூன் மாதம், கருங்கடலில் ரஷ்யாவின் நோவோரோசிஸ்க் துறைமுகத்துக்கு அருகே இருந்த ஓர் எண்ணெய்க் கப்பலை, அதன் ஜி.பி.எஸ். கருவி கெலெஞ்சிக் விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது. உண்மையான இடத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, தரை மீது! கருவி கெட்டுவிட்டதோ என்று நினைத்த கேப்டன் பக்கத்துக் கப்பல்களை வானொலியில் விசாரித்தார். குறைந்தது இருபது கப்பல்கள் அதே விமான நிலையத்தில்தான் 'நின்றிருந்தன'.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் கப்பலின் ஆன்டெனாவைத் தொடும்போது மிகவும் மெலிந்துவிடுகிறது. பொதுப் பயன்பாட்டுக்கான சிக்னலின் அமைப்போ யாரும் படிக்கக்கூடிய ஆவணங்களில் இருக்கிறது. ஆகவே அதை இரைச்சலால் முடக்குவதும் எளிது, அதைப் போலவே ஒன்றைச் செய்து அனுப்புவதும் முடியும். முடக்கினால் எச்சரிக்கை மணியாவது அடிக்கும். போலியைக் கருவி நம்பிவிட்டால் அதுவும் இல்லை. 2013-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாட் ஹம்ஃப்ரீஸ் குழு, உரிமையாளரின் ஒப்புதலோடு, மத்தியதரைக் கடலில் 65 மீட்டர் நீள உல்லாசப் படகு ஒன்றை இப்படித்தான் பாதை மாற்றிக் காட்டியது. திரையில் படகு நேர்கோட்டில் போனது. கடலில் அது மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

இதற்குக் கப்பல் துறை முதலில் கைநீட்டும் மருந்து, இன்னும் நல்ல கருவி. அந்த மருந்தில் சரக்கு இல்லாமல் இல்லை. குறுக்கீடு வரும் திசையைக் கண்டுபிடித்து அந்தப் பக்கம் மட்டும் காதை மூடிக்கொள்ளும் பல்லுறுப்பு ஆன்டெனாக்கள் உண்மையிலேயே வேலை செய்கின்றன. ராணுவத்துக்காகப் பிறந்தவை என்பதால் விலையும் ஏற்றுமதிக் கட்டுப்பாடும் சேர்ந்தே வரும். ஜி.பி.எஸ்.ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் கேட்கும் கருவி, ஒன்று மட்டும் பொய் சொன்னால் பிடித்துவிடும். ஆனால் நான்குமே மெலிந்த சிக்னல்கள்தாம், அக்கம்பக்க அலைவரிசைகளில் வருபவைதாம். ஓங்கிய இரைச்சல் ஒன்று நான்கையும் சேர்த்தே அமுக்கும்.

கலிலியோ 2025 ஜூலையில் முறைப்படி தொடங்கிய சேவை இவற்றில் சுவாரசியமானது. செயற்கைக்கோள் அனுப்பும் தகவலோடு ஒரு மின்னணு முத்திரையும் வருகிறது. முத்திரை பொருந்தாத தகவலைக் கருவி ஒதுக்கிவிடலாம். புதிதாகப் பொய்த் தகவல் தயாரிப்பவருக்கு இது பெரிய தடை. அசல் சிக்னலையே பிடித்துச் சற்றுத் தாமதித்துத் திருப்பி அனுப்புபவரிடம் இதன் பலம் குறைகிறது. அங்கே முத்திரையும் அசலாகவே இருக்கும்.

இவை எல்லாமே ஒரு கப்பலை மட்டும் காப்பவை என்பதுதான் பெரிய குறை. ஏ.ஐ.எஸ். கருவி வழியாக ஒவ்வொரு கப்பலும் தன் இடத்தை மற்றவற்றுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நம் கருவி உண்மை பேசினாலும், எதிரே வருபவரின் கருவி ஏமாந்திருந்தால் நம் திரையில் அவர் இல்லாத இடத்தில்தான் தெரிவார். 2025 ஜூனில் ஹோர்முஸ் நீரிணைப் பகுதியில் இப்படி நூற்றுக்கணக்கான கப்பல்களின் இடங்கள் குழம்பின. அந்த நாட்களில்தான், 17-ஆம் தேதி, ஃப்ரண்ட் ஈகிள், அடாலின் என்ற இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் ஓமான் வளைகுடாவில் மோதித் தீப்பிடித்தன. விபத்துக்குச் சிக்னலைக் காரணமாக்கிவிடுவது எளிது. ஐக்கிய அரபு அமீரகம் சொன்ன காரணமோ, கப்பலை ஓட்டியதில் நேர்ந்த தவறான கணிப்பு.

ஒரு கருவி ஏமாந்தால் அதை நம்பும் மற்றவையும் தடுமாறும் இதே சிக்கல் கப்பலுக்குள்ளும் இருக்கிறது. 2008-இல் பிரிட்டன், அயர்லாந்து கலங்கரை விளக்க அமைப்புகள் ஃபிளாம்பரோ முனைக்கு அருகே 'போல் ஸ்டார்' கப்பலில் வேண்டுமென்றே ஜி.பி.எஸ்.ஸை முடக்கிப் பார்த்தன. இயக்க அறையில் ஒன்றன்பின் ஒன்றாக எச்சரிக்கைகள் ஒலித்தன. மின்னணுக் கடல் வரைபடம், ஏ.ஐ.எஸ்., ஆபத்தில் உதவி கேட்கும் வானொலி என்று பலவும் அந்த ஒரே சிக்னலை நம்பியிருந்தன. வீட்டிலுள்ள கைக்கடிகாரம் எல்லாவற்றையும் ஒரே சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, எல்லாம் ஒரே நேரம் காட்டுகின்றன என்று மகிழ்வதைப் போன்றது இது.

ஆகவே கப்பலுக்குத் தேவை, செயற்கைக்கோளோடு எந்தத் தொடர்பும் இல்லாத இன்னொரு சாட்சி. ராடார் அப்படிப்பட்டது. கரையின் முனை, தீவு, மிதவை இவற்றின் தூரத்தை அளந்து வரைபடத்தில் குறிக்கும் பழைய பழக்கத்தை எந்தப் போலி ஜி.பி.எஸ். சிக்னலும் தொட முடியாது. அந்தப் பழக்கத்தைப் புனிதமாக்கவும் வேண்டாம். நடுக்கடலில் ராடாருக்கு அளக்கக் கரை இல்லை. இரவு முழுக்கக் கண்விழிக்கும் அதிகாரி நெரிசலான நீரிணையில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து குறிக்கவேண்டுமென்றால், வெளியே பார்க்கும் வேலையை யார் செய்வது?

சாட்சி இருந்தும் கேட்காமல் போவது இன்னொரு கதை. 1995 ஜூனில் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குக் கிளம்பிய 'ராயல் மெஜஸ்டி' பயணிகள் கப்பலில் ஜி.பி.எஸ். ஆன்டெனாவின் கம்பி கழன்றுவிட்டது. கருவி வேகத்தையும் திசையையும் வைத்து உத்தேசமாக இடம் சொல்லத் தொடங்கியது. தானியங்கிச் சுக்கான் அதை அப்படியே நம்பியது. ஒன்றரை நாளுக்குப் பின் நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே, 17 மைல் பாதை விலகி, கப்பல் தரைதட்டியது. லோரான் என்ற தரைவழி வானொலிக் கருவி அதே அறையில் ஒழுங்காகத்தான் இயங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அந்த ஒப்பீட்டை மனிதரிடம் விடாமல் கருவியே இடைவிடாது செய்து, முரண்பட்டால் கத்த வேண்டும். விலையுயர்ந்த ஆன்டெனாவைவிட இதற்கே முதலிடம் தரவேண்டும்.

லோரானின் புதுப்பிறவியான ஈலோரான், உயர்ந்த கோபுரங்களிலிருந்து 100 கிலோஹெர்ட்ஸில் வலுவான அலைகளை அனுப்புவது. அதை முடக்க முயல்பவருக்கும் பெரிய கோபுரமும் பெரும் மின்சாரமும் வேண்டியிருக்கும். வடகொரியக் குறுக்கீட்டால் அல்லல்பட்ட தென்கொரியா இதில் இறங்கியதில் வியப்பில்லை. ஆனால் பல நாடுகள் கோபுரம் நிறுத்தினால்தான் இது பயன்படும். பிரான்சும் நார்வேயும் விலகியதும் பிரிட்டன் 2015 இறுதியில் தன் சேவையை மூடியது. அமெரிக்கா 2010-இலேயே லோரானை நிறுத்திவிட்டிருந்தது. குறுக்கீடு மிகுந்த கடல்களின் கரைகளிலோ, அதைச் செய்வதாகச் சந்தேகிக்கப்படும் அரசுகளே இருக்கின்றன. அங்கே யார் கோபுரம் கட்டித் தருவார்கள்?

2025 மார்ச்சில் சர்வதேசக் கடல்சார் அமைப்பும் விமானப் போக்குவரத்து, தொலைத்தொடர்பு அமைப்புகளும் கூட்டாக அறிக்கை விட்டு, பழைய வழிகாட்டு வசதிகளைக் கைவிடாதீர்கள் என்றன. விமானத் துறையில் அவை இன்னும் இருக்கின்றன. கடலில் பெரும்பாலும் கழற்றியாகிவிட்டது. தானாக இடம் கணிக்கும் ஏற்பாடாகக் கப்பலில் செயற்கைக்கோள் கருவியோ தரைவழி வானொலிக் கருவியோ, ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்கிறது கடல் பாதுகாப்பு உடன்படிக்கை. இரண்டும் வேண்டும் என்று அது கேட்பதில்லை. இரண்டாவதை வாங்கி வைப்பதும் வைக்காததும் இன்றைக்குக் கப்பல் முதலாளியின் கணக்குப் புத்தகத்தைப் பொறுத்த விஷயம்.