காத்திருக்கும் உலகும் காத்திராத பசியும்: 'ஸ்கைரிம்' விளையாட்டும் மணிமேகலையின் கச்சிப் பயணமும்

ஆய்வுச் சுருக்கம்

விரும்பிய திசையில் செல்லவும் விரும்பிய பணியை ஏற்கவும் இடந்தரும் திறந்த உலகக் கணினி விளையாட்டுகளைத் தமிழ்க் காப்பியங்களோடு ஒப்பிடும்போது, இரண்டிலும் உள்ள வியத்தகு ஆற்றல்களைப் பட்டியலிடுவதோடு நிறைவடைவது எளிது. அவ்வொப்பீடு போதாது என்பது இக்கட்டுரையின் கருத்து. 'ஸ்கைரிம்' விளையாட்டின் ஈர்ப்பு, அதன் உலகம் ஆடுவோருக்காகக் காத்திருப்பதில் உள்ளது. மணிமேகலையின் உலகமோ காத்திருப்பதில்லை. இவ்வேறுபாடு காஞ்சி மாநகரின் பசியை முன்வைத்து ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மணிமேகலை, காஞ்சிபுரம், திறந்த உலக விளையாட்டு, ஸ்கைரிம், பசி, செயலுரிமை

முன்னுரை

இன்று பட்டு நெசவாலும் கோயில்களாலும் அறியப்படும் காஞ்சிபுரம், மணிமேகலையின் 28ஆம் காதையாகிய 'கச்சிமாநகர் புக்க காதை'யில் மழை பொய்த்துப் பசியால் வாடும் நகராகத் தோன்றுகிறது. வான்வழியே அந்நகரை அடையும் மணிமேகலை, மூன்று மந்திரங்களும் அள்ளக் குறையாத அமுதசுரபியும் உடையவள். கணினி விளையாட்டில் தோய்ந்த மாணவர் ஒருவர் இவளை அத்தகைய விளையாட்டின் தலைமைப் பாத்திரமாகக் காண்பது இயல்பே. வகுப்பறையில் இவ்வொப்புமை பயன்தரும். ஆயினும் அது எதுவரை பொருந்துகிறது, எங்கே முறிகிறது என்று காண்பது ஆய்வின் கடமை.

பொறுத்திருக்கும் உலகு

பெதஸ்டா கேம் ஸ்டூடியோஸ் உருவாக்கி 2011 நவம்பர் 11 அன்று வெளியான 'ஸ்கைரிம்', 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையின் ஐந்தாம் விளையாட்டு. உலகை விழுங்க வந்த அல்டுயின் என்னும் டிராகனை எதிர்கொள்வதே அதன் முதன்மைக் கதை. எனினும் ஆடுவோர் அக்கதையை விட்டு விலகி மூலிகை பறிக்கலாம், கொல்லுலையில் வாள் செய்யலாம், வீடு வாங்கலாம், மணம் புரியலாம். தொலைவில் ஒரு பாழ்மாடம் தெரிந்தால் வழியை மறந்து மலையேறலாம். எத்தனை காலம் கழித்துத் திரும்பினாலும், உலகின் அழிவு அவர் விட்ட இடத்திலேயே நிற்கும்.

கணினிவழிக் கதைகள் தரும் இன்பங்களாக அமிழ்தல், செயலுரிமை, உருமாற்றம் ஆகிய மூன்றை ஜேனட் முர்ரே 1997இல் வெளியான தம் நூலில் வகுத்துரைத்தார். இம்மூன்றும் ஸ்கைரிமில் உள்ளன. ஆனால் இவற்றைத் தாங்கும் அடித்தளமாக நான்காவது ஒன்றைச் சுட்ட வேண்டும். அது உலகின் பொறுமை. கெடுநாட்களால் துரத்தப்படும் மனிதருக்கு, தாம் வரும்வரை எதுவும் கைவிட்டுப் போகாத உலகம் ஒன்று கிடைக்கிறது. நிலப்பரப்பின் அகலத்தைவிடக் காலத்தின் இத்தளர்வே அவரை மீண்டும் மீண்டும் அழைக்கிறது எனலாம்.

ஆற்றலும் விளைவும்

காப்பியம் கற்போருக்கு ஆடுவோரின் செயலுரிமை இல்லை. ஆகவே இங்கு ஆடுவோரோடு ஒப்பிடத்தக்கவர் கற்போர் அல்லர். கதைக்குள் இயங்கும் மணிமேகலையே. மணிபல்லவத்தில் அவள் பெறும் மந்திரங்கள் வேற்றுருக் கொள்ளவும், வானில் செல்லவும், பசியை நீக்கவும் வல்லவை. உதயகுமாரனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அவள் காயசண்டிகையின் வடிவை ஏற்கிறாள். அவ்வடிவைக் கண்டு தன் மனைவியென மயங்கிய காஞ்சனன் உதயகுமாரனை வாளால் வீழ்த்துகிறான். இக்கொலைக்குப் பழவினையையே காப்பியம் மூலகாரணமாகக் கூறுகிறது. எனினும் அவ்வினை வந்து சேரும் வாயில் உருமாற்றமே. முன்பு சேமித்த நிலைக்குத் திரும்பி மாற்றுவழியைத் தேரும் வாய்ப்பு, ஆடுவோருக்கு உண்டு, மணிமேகலைக்கு இல்லை.

அமுதசுரபியின் முன்வரலாறும் நோக்கத்தக்கது. மழை பெய்து நாடு செழித்தபின் ஆபுத்திரனின் பாத்திரத்தை நாடி வருவோர் இல்லை. ஆளில்லாத மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்ட அவன், பலரைக் காக்கும் பாத்திரத்தால் தன்னுயிரை மட்டும் பேண விரும்பாது, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாநோன்பால் உயிர்துறக்கிறான். ஏற்பார் இல்லாத இடத்தில் ஆற்றல் வெறுமையாகிறது என்பது இதன் பொருள். ஸ்கைரிமில் ஆற்றலைப் பெருக்குவதே தன்னளவில் ஓர் இன்பம்.

ஈகையும் பசியும்

ஸ்கைரிமின் நகரங்களில் இரவலர் உளர். ஒரு பொற்காசு ஈந்தால் ஈந்தவரின் பேச்சுத்திறன் சிறிது நேரம் உயரும். இரவலரோ மறுநாளும் அதே தெருவில் இரப்பர். முதற்பதிப்பில் தலைமைப் பாத்திரத்துக்குப் பசியே இல்லை. உணவு உடல்நலத்தை மீட்கும் பொருள் மட்டுமே. 2017இல் தனிச்சேர்க்கையாக வந்த ஆட்டமுறை பசியைக் கொணர்ந்தது. அதுவும் ஆடுவோரின் பாத்திரத்துக்குரிய பசியே.

மணிமேகலைக்கும் பசியை நீக்கும் மந்திரம் உண்டு. இங்கு இருவரும் ஒத்திருப்பதாகத் தோன்றும் இடத்திலேயே ஒப்புமை முறிகிறது. தன் பசி நீங்கியவளைப் பிறர் பசி அழைக்கிறது. காஞ்சியின் வறட்சியையும் அறவண அடிகள் அங்குச் சென்றிருப்பதையும் வஞ்சியில் மாசாத்துவான் கூறக் கேட்டவுடன் அவள் புறப்படுகிறாள். இளங்கிள்ளி அமைத்த பொழிலும் பொய்கையும் மணிபல்லவத்தை நினைவூட்ட, பார்வையற்றோர், நடக்க இயலாதோர், பேணுவார் இல்லாதோர் ஆகியோரோடு விலங்குகளும் அவள் கையால் உண்கின்றன. அதன் பின்னரே அவள் அறவண அடிகளிடம் அறம் கேட்கிறாள். பசிதீர்த்தல் கதையின் கிளைப்பணி அன்று. துறவுக்குச் செல்லும் வழியே அது.

முடிவுரை

இவ்வேறுபாட்டைக் கொண்டு கணினி விளையாட்டை இழித்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. பொறுத்திருக்கும் உலகம் களைத்த மனத்துக்கு அளிக்கும் ஆறுதல் மெய்யானது. எனினும், வான்வழிச் செலவையும் உருமாற்றத்தையும் மட்டும் சுட்டி மணிமேகலையைத் திறந்த உலகின் முன்னோடி என்று பெருமை கொள்வோமாயின், காப்பியத்தின் உயிர்நிலையை இழப்போம். எங்கும் செல்லும் ஆற்றல் பெற்ற ஒருத்தி எங்கே செல்ல வேண்டும் என்பதைச் சாத்தனார் பசியைக் கொண்டு தீர்மானித்தார். அவள் சென்ற இடம் காஞ்சி.