நெய்ப்பந்தம் பிடிக்கும் வயது

கொங்குப் பக்கம் வீட்டுப் பெரியவர் ஒருவர் இறந்தால், பேரன் பேத்திகளைக் கூட்டிவந்து கையில் நெய்ப்பந்தம் கொடுப்பார்கள். ஆறு வயதானாலும் சரி, பிணத்தைச் சுற்றி வரவேண்டும். இன்று கோவையின் அடுக்குமாடிகளில் அதே வயதுப் பிள்ளையை ஐஸ் பெட்டி வந்து இறங்கும் முன்பே பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. “அப்புச்சி எங்கெ போனாங்க?” என்றால், “ஊருக்குப் போயிருக்காங்க சாமி” என்று பதில் வருகிறது.

குழந்தைகளின் மனத்தில் சாவு எப்படிப் பதிகிறது என்ற ஆராய்ச்சியில் இன்றும் முதலில் பேசப்படுவது மரியா நாஜின் கட்டுரை. மூன்று முதல் பத்து வயதுவரையான 378 ஹங்கேரியப் பிள்ளைகளிடம் பேசியும் எழுதவைத்தும் வரையவைத்தும் அவர் திரட்டியவை 1948இல் வெளிவந்தன. ஐந்து வயதுக்குள் சாவு ஒரு பயணம் அல்லது தூக்கம். ஒன்பது வயதுவரை யாரோ வந்து பிடித்துக்கொண்டு போவது. அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் வரும், திரும்பாத முடிவு. நடுவிலுள்ள கட்டம் வேறு நாடுகளில் அவ்வளவாகத் தென்படவில்லை. முதல் கட்டம்தான் நமக்கு முக்கியம். ‘ஊருக்குப் போயிருக்காங்க’ என்று சொல்லும்போது, பிள்ளை ஏற்கெனவே தவறாக நினைத்திருப்பதற்குப் பெரியவர்கள் முத்திரை குத்துகிறோம். அது வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். போனவர் ஏன் போனில்கூடப் பேசவில்லை என்று கோபித்துக்கொள்ளும்.

அப்படியானால் சாமி, மேலுலகம் என்று பேசுவதும் பிள்ளையைக் குழப்புமா? மடகாஸ்கரின் வேசோ மக்களிடையே ரீட்டா அஸ்துட்டியும் பால் ஹாரிஸும் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எதிர்பாராத விடை தருகிறது. ஏழு வயதுப் பிள்ளைகள் பலர், இறந்தவரின் உடலோடு மனமும் நின்றுபோகிறது என்றே சொன்னார்கள். மூதாதையர் எங்கோ இருந்து பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கை வளர வளரத்தான் சேர்கிறது. பெரியவர்களோ இரண்டையும் வைத்திருக்கிறார்கள்: பிணத்தைப் பற்றிய கதையைச் சொல்லிக் கேட்டால் ஒரு விடை, கல்லறைச் சடங்கைச் சொல்லிக் கேட்டால் வேறு விடை.

இதைப் படித்தபோது எனக்குக் கொங்கு நாட்டார் கதையான அண்ணன்மார் கதையின் படுகளச் சடங்கு நினைவுக்கு வந்தது. உடுக்கையடியில் அருள் வந்து விழுந்து கிடப்பவர்களைத் தீர்த்தம் தெளித்து எழுப்புவதைக் கொங்குப் பிள்ளைகள் கூட்டத்தின் காலிடுக்கில் நின்று பார்த்தே வளர்கிறார்கள். அதற்காகச் சுடுகாட்டுக்குப் போன அப்பாரு எழுந்து வருவார் என்று பத்து வயதுப் பிள்ளை எதிர்பார்ப்பதில்லை என்றே நினைக்கிறேன். உண்மையை முதலில் சொல்லிவிட்டால் சாமி கதை கெடுதல் செய்யாது.

அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில் வில்லியம் வொர்டனும் ஃபிலிஸ் சில்வர்மனும் தாயையோ தந்தையையோ இழந்த 125 பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். இறுதிச் சடங்கில் கலந்துகொண்டது பிள்ளைகளுக்கு உதவியிருக்கிறது. என்ன நடக்கும் என்று முன்பே சொல்லி, விருப்பத்தையும் கேட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. நம் நெய்ப்பந்தத்தில் வேலை உண்டு, விளக்கம் கிடையாது. கேள்வி கேட்டால் “சும்மா இரு” என்ற அதட்டல்தான்.

பாஸ்டன் ஆய்வில் பிள்ளை தேறுவதைப் பெரிதும் தீர்மானித்தது, எஞ்சிய பெற்றோர் எப்படி இருக்கிறார் என்பதே. 2021 மே மாதம் தமிழக அரசு, கொரோனாவில் இரு பெற்றோரையும் இழந்த பிள்ளையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பும், ஒருவரை இழந்த குடும்பத்துக்கு 3 லட்சமும் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இருட்டிய பின் வீடு திரும்பும் தாயிடம் பிள்ளை எப்போது அப்பாவைப் பற்றிப் பேசும்? ஓர் ஆண்டுக்காவது அவர் ஒரே ஷிப்டோடு வீடு திரும்ப வழி செய்தால், அதையும் குழந்தை நலத் திட்டமாகவே கணக்கில் எழுதலாம்.

அதே பாஸ்டன் ஆய்வில், இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பிள்ளைக்குக் கடுமையான சிக்கல்கள் இருந்தன. அதற்குள் இங்கே கருமாதி முடிந்து, வருஷத் திதியும் முடிந்து, விசாரிக்க வருபவர்களும் நின்றிருப்பார்கள். ஜூனில் வகுப்பு மாறும்போது பழைய டீச்சர் புது டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம்.