சுதந்திரவாதமும் புதுக்கூரைப்பேட்டையும்

அரசின் கை குறையக் குறைய மனிதனுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும் என்பதே லிபர்டேரியன் சிந்தனையின், அதாவது சுதந்திரவாதத்தின், சாரம். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1959இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கிய ராஜாஜி, காங்கிரஸ் ஆட்சியை பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்று சாடியபோது இதன் ஒரு வடிவத்தைத்தான் பேசினார். பொருளாதாரத்தோடு நிற்காமல், ஊடகச் சார்புக்கும் பண்பாட்டுச் சண்டைகளுக்கும் இதே சிந்தனையில் தீர்வு தேடுபவர்கள் இன்று இருக்கிறார்கள். அந்தத் தீர்வு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை ஓர் ஊரில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். விருத்தாசலத்தை எடுத்துக்கொள்கிறேன்.

இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த பீங்கான் தொழிற்பேட்டை அரசு போட்டது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் நிறுவனமும் அரசுடையது. அந்த ஆதரவில்தான் சிறு முதலாளிகள் பொம்மையும் அகல்விளக்கும் மின்காப்புப் பீங்கானும் செய்து சொந்தக் காலில் நிற்கக் கற்றார்கள். அரசின் கை எப்போதும் கழுத்தில்தான் இருக்கும் என்ற கூற்றுக்கு இந்த ஊரே ஒரு மறுப்பு. ஆனால் இதை வைத்து மட்டும் சுதந்திரவாதத்தை ஒதுக்கிவிட முடியாது. அதன் வலுவான வாதம் ஊடகத்தைப் பற்றியது.

2006 சட்டமன்றத் தேர்தலில் தேமுதிக சார்பில் வென்றவர் விஜயகாந்த் ஒருவர்தான். அவர் நின்று வென்ற தொகுதி விருத்தாசலம். அப்போது சன் டிவி திமுக பக்கம், ஜெயா டிவி அதிமுக பக்கம். அதே ஆண்டு பாமக சார்பில் மக்கள் தொலைக்காட்சி வந்தது. 2007இல் திமுகவின் கலைஞர் டிவி, 2010இல் விஜயகாந்தின் கேப்டன் டிவி. ஒரே பொதுக்கூட்டம் ஒரு சேனலில் கடலலையாகவும் இன்னொன்றில் காலி நாற்காலிகளாகவும் தெரிந்தது. சுதந்திரவாதி இதைக் கண்டு பதறுவதில்லை. சார்பு இருக்கட்டும், அது வெளிப்படையாக இருக்கட்டும், பார்ப்பவர் ஒப்பிட்டுக்கொள்வார் என்கிறார். இதில் எனக்கு முழு உடன்பாடு. நடுநிலை வேடம் போடும் சேனலைவிடக் கொடியைக் காட்டும் சேனல் நேர்மையானது.

அவர் சுட்டும் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. எந்தச் சேனல் வீட்டுக்குள் வரவேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? ஒரு காலத்தில் சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன். 2011இல் ஜெயலலிதா ஆட்சி மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிளை மீண்டும் தொடங்கியபோது, சன் குழுமத்தின் கட்டணச் சேனல்கள் முதலில் அதில் இல்லை. மாநில அரசுகள் இந்தத் தொழிலில் இருக்கக் கூடாது என்று 2012 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. அதுவே சரி. தன்னை விமர்சிக்கும் சேனலை எங்கே வைப்பது என்பதை ஆட்சியில் இருப்பவர் தீர்மானிக்கக் கூடாது, அவர் எந்தக் கட்சியானாலும்.

இதுவரை சுதந்திரவாதம் நிற்கிறது. விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டைக்கு வந்ததும் தடுமாறுகிறது.

கண்ணகி வன்னியர், முருகேசன் தலித், வேதிப் பொறியியல் படித்தவர். இருவரும் வயது வந்தவர்கள். 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8 அன்று ஊரார் முன்னிலையில் கண்ணகியின் உறவினர்கள் இருவருக்கும் விஷம் புகட்டிக் கொன்று எரித்தார்கள். காவல்துறை உடனே வழக்குப் பதியவில்லை. பதிந்தபோது, மகனைப் பறிகொடுத்த தரப்பினரையும் குற்றவாளிகளாகச் சேர்த்தது. உயர் நீதிமன்ற உத்தரவால் வழக்கு 2004இல் சிபிஐக்குப் போனது. 2021 செப்டம்பரில் கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் இருவர் காவல்துறையினர். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. கொலைக்கும் முதல் தீர்ப்புக்கும் இடையே 18 ஆண்டுகள்.

சுதந்திரவாதியிடம் இதற்குப் பதில் இல்லாமல் இல்லை. கொலை என்பது தனிமனிதன் மீதான வன்முறையின் உச்சம், உயிரைக் காப்பதுதான் அரசுக்கு மிஞ்சவேண்டிய ஒரே வேலை, அதில் அது தவறியது என்பார். உண்மைதான். ஆனால் அந்தக் காவலரும் சாதி நிறைந்த சமூகத்திலிருந்துதான் வருகிறார். அரசைச் சுருக்கி வெறும் காவலனாக்கினால், காவலன் எந்தப் பக்கம் நிற்பான் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. அந்த இருவரின் சுதந்திரத்தை முதலில் பறித்தது சட்டமோ வரியோ உரிமமோ கிடையாது. உறவும் தெருவும் ஊரும். இந்த அதிகாரத்தைக் கணக்கில் எடுக்க சுதந்திரவாதத்திடம் கருவி இல்லை.

ஊடகப் போட்டி பற்றிய அதன் நம்பிக்கையும் இங்கே உதவவில்லை. வடமாவட்டங்களில் வன்னியர் வாக்கும் தலித் வாக்கும் எல்லாப் பெரிய கட்சிக்கும் தேவை. இந்தக் கொலையை விடாமல் பேசினால் எந்தக் கட்சிச் சேனலுக்கும் லாபமில்லை. ஒருவர் பொய்யை இன்னொருவர் உடைப்பார் என்ற போட்டி, இருவரும் சேர்ந்து மௌனம் காக்கும்போது செயலிழக்கிறது.

பண்பாட்டுச் சண்டையிலும் சுதந்திரவாதம் பாதி தூரம்தான் வருகிறது. 2012இல் தருமபுரிக் கலவரத்தை ஒட்டி, தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டு நாடகக் காதல் செய்கிறார்கள் என்று பாமக நிறுவனர் ராமதாஸ் பிரசாரம் செய்தார். திருமணத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்ற குரலும் எழுந்தது. இங்கே சுதந்திரவாதியின் பதில் அப்பழுக்கற்றது: வயது வந்தவர் யாரை மணப்பது என்பதில் அரசுக்கும் பெற்றோருக்கும் ஊருக்கும் இடமில்லை. 1967இல் அண்ணா ஆட்சி சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி ஏற்றபோது புரோகிதரும் சடங்கும் கட்டாயம் என்ற நிலை போனது. அரசு நிபந்தனைகளைக் கைவிட்டதால் கிடைத்த விடுதலை அது. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டமோ, மணமக்கள் பெயரை 30 நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறது. சாதி மாறி மணப்பவர்களைத் தேடித் திரிபவர்களுக்கு அரசே முகவரி எழுதிக் கொடுப்பதற்குச் சமம் இது. இதை நீக்கக் கேட்பதில் சுதந்திரவாதியோடு நான் தோளோடு தோள் நிற்பேன்.

ஆனால் அடுத்த படியில் பிரிகிறோம். 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு, ஆணவக் கொலைகளைத் தடுக்கும் சட்டத்துக்குப் பரிந்துரை அளிக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தது. கொலைக்குச் சட்டம் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்பார் சுதந்திரவாதி. இருந்த சட்டம் புதுக்கூரைப்பேட்டையில் 18 ஆண்டுகள் எடுத்தது. மிரட்டல் வந்ததுமே பாதுகாப்பு, ஊர்க்கூட்டம் கூட்டி மிரட்டுவதே தனிக்குற்றம், வழக்குப் பதியத் தாமதித்த அதிகாரி தன் வேலையால் பதில் சொல்ல வேண்டிய நிலை: இவை மூன்றும் அரசின் கையை நீட்டுபவைதான். நீளட்டும்.

தனிமனிதனே அளவுகோல் என்பதில் சுதந்திரவாதம் சரி, கேபிள் கம்பியிலும் அறிவிப்புப் பலகையிலும் சரி. அடக்குமுறை அரசிடமிருந்து மட்டுமே வரும் என்ற கணிப்பில் அது தவறு. சாதி காவல் காக்கும் ஊரில் அரசு விலகி நின்றால் அந்த இடத்துக்குச் சாதிதான் வருகிறது. 2003 ஜூலையில் வந்ததும் அதுதான்.