401: புறவழி நடுவழியான கதை

ஸ்காபரோவிலிருந்து பியர்சன் விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றப் போகிறவருக்கு, மக்கோவன் வீதியில் 401 நெடுஞ்சாலைக்குள் இறங்கிய கையோடு ஒரு கேள்வி வந்துவிடும்: எக்ஸ்பிரஸ்ஸா, கலெக்டரா? தலைக்கு மேலே பச்சைப் பலகை எக்ஸ்பிரஸ்ஸுக்கு, நீலப் பலகை கலெக்டருக்கு. சற்றுத் தள்ளி ஒளிரும் பலகை, எக்ஸ்பிரஸ் நன்றாக ஓடுகிறது, கலெக்டர் மெதுவாக நகர்கிறது என்று தகவல் தரும். அதை நம்பி உள்ளே மாறிய இரண்டாவது நிமிடம் முன்னால் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரியும். பக்கத்து இருக்கையில் இருக்கும் மாமா, "நான் அப்பவே சொன்னனான், வெளியாலை போயிருக்கலாம்" என்பார். வெளியாலை போயிருந்தாலும் அதே நேரம்தான் ஆகியிருக்கும் என்பது அவருக்கும் தெரியும்.

401ஐத் திட்டுவது ரொறொன்ரோவாசிகளின் பொதுப் பொழுதுபோக்கு. ஆனால் திட்டுகிற பலர் கவனிக்கத் தவறுவது, அந்த இரட்டைப் பிரிப்புக்குப் பின்னால் இருக்கும் கெட்டிக்காரத்தனத்தை. சாதாரண விரைவுச்சாலையில் ஒவ்வொரு நுழைவாயிலும் ஒரு குழப்பம். ஏறுகிற வாகனம் இடம் தேடும், இறங்குகிற வாகனம் வேகத்தைக் குறைக்கும். அந்தத் தடுமாற்றம் ஒரு தடத்திலிருந்து மறு தடத்துக்குத் தொற்றி, கடைசியில் முழுச் சாலையையும் பிடித்துக்கொள்ளும். 401இல் இந்த ஏற்ற இறக்கங்களெல்லாம் ஓரத்துக் கலெக்டர் தடங்களோடு நின்றுவிடும். நடுவில் ஓடும் எக்ஸ்பிரஸ் தடங்களில் நகருக்குள் நேரடி நுழைவோ வெளியேற்றமோ அநேகமாக இல்லை. இரண்டுக்கும் இடையில் மாறுவதற்குக் குறிப்பிட்ட இடங்கள் மட்டும் உண்டு. அவற்றில் சிலவற்றில், உள்ளே போகும் பாதை கீழாலும் வெளியே வரும் பாதை பாலத்தின் மேலாலும் ஒன்றையொன்று வெட்டாமல் கடக்கும். வின்ட்சரிலிருந்து மொன்றியலுக்குப் பொருள் ஏற்றிச் செல்லும் ட்ரக்கும், இரண்டு வெளியேற்றம் தள்ளி மீன் வாங்கப் போகிறவரும் ஒரே சாலையில் இருந்துகொண்டே ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் போகலாம். கடதாசியில் பார்த்தால் இதைவிட நல்ல தீர்வு கிடைப்பது கடினம்.

அந்தத் தீர்வு தேவைப்பட்ட கதையில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. 401 இங்கே ரொறொன்ரோவின் புறவழிச் சாலையாகத்தான் பிறந்தது. 1952இல் அதற்கு இந்த எண் கிடைத்தது. 1956 அளவில் புறவழிப் பகுதி முழுமையடைந்தது. நான்கு தடங்கள், இரு பக்கமும் பெரும்பாலும் பண்ணை நிலம். நகரத்துக்குள் வேலையில்லாத வாகனங்கள் வடக்கால் சுற்றிப் போகட்டும் என்பதே எண்ணம். ஆனால் நகரம் அந்தச் சாலையைத் தேடி வந்தது. 1964இல் யோர்க்டேல் வணிக வளாகம் அதன் ஓரத்திலேயே திறந்தது. 1973இல் ஸ்காபரோ டவுன் சென்ரர். நடுவில் தொழிற்சாலைகள், களஞ்சியங்கள், வீட்டுத் தொகுதிகள். இந்தச் சாலைக்கு அப்பாலும் நகரம் வடக்கே மார்க்கம் வரை படர்ந்துபோனது. புறவழி என்று போட்ட சாலை நகரின் நடுவழியாகிவிட்டது.

இந்தப் படர்ச்சி தொடங்கிய கட்டத்திலேயே, 1963இல், ஒன்ராறியோ அரசு, சிக்காகோவின் டான் ரையன் விரைவுச்சாலையை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டு, நான்கு தடங்களைப் பன்னிரண்டுக்குக் குறையாமல் அகலமாக்கும் முடிவை அறிவித்தது. ஏறக்குறைய பத்தாண்டு வேலை. பின்னர் கிழக்கே பிக்கரிங் வரைக்கும் மேற்கே மிசிசாகா வரைக்கும் அதே முறை நீண்டது. மிக அகலமான இடத்தில் இன்று 18 தடங்கள். பரபரப்பான பகுதியில் நாளொன்றுக்கு நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் கடக்கின்றன. வட அமெரிக்காவிலேயே அதிக வாகனங்கள் ஓடும் சாலை என்ற பெயர் இதற்கு உண்டு. இவ்வளவு சுமையோடும் இந்தச் சாலை நகர்கிறதே என்பதை அதன் சாதனையாகவே நான் எண்ணுகிறேன்.

ஆனால் அந்தப் பிரிப்பு, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நிரம்பாதவரைதான் பயன் தரும். மாலை நான்கு மணிக்குப் பச்சையும் நீலமும் ஒரே வேகத்தில் ஊரும்போது, தெரிவு என்பது வெறும் ஊகமாகிவிடுகிறது. ஊகிப்பவர்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், குழப்பத்தைக் குறைக்கப் போட்ட மாறுமிடங்களே குழப்பத்தின் ஊற்றாகின்றன. சாலையின் அகலம் இன்னொரு பலவீனத்தையும் மறைத்து வைத்திருக்கிறது. பதினெட்டுத் தடங்கள் இருந்தாலும் அவை இருப்பது ஒரே இடத்தில். 2008 ஓகஸ்டில் டவுன்ஸ்வியூ பகுதியில் புரொப்பேன் எரிவாயு நிலையம் ஒன்று வெடித்தபோது, அருகிலிருந்த 401 பல மணி நேரம் மூடப்பட்டது. அது ஞாயிற்றுக்கிழமை விடிகாலை என்பதால் நகரம் தப்பித்தது.

இன்னும் அடிப்படையான குறை, இச்சாலையில் போகிறவர்கள் யார் என்பதில் இருக்கிறது. விக்ரோறியா பார்க், வோர்டன், கெனடி, பிரிம்லி, மக்கோவன், மார்க்கம் வீதி என்று ஸ்காபரோவில் வெளியேற்றங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஊருக்கு ஊர் போகக் கட்டிய சாலையைச் சந்திக்குச் சந்தி போகப் பாவிக்கிறோம். அது சோம்பல் அல்ல. எல்ஸ்மியர் வீதியில் பேரூந்துக்கு நின்று, மாறி, மறுபடியும் நின்று இரவுநேர வேலைக்குப் போய்ப் பார்த்தவர்கள், முதற் சம்பளங்களைச் சேர்த்துப் பழைய கொரோலா ஒன்றை வாங்கியதன் நியாயம் எங்கள் சமூகத்தில் எல்லோருக்கும் தெரியும். 1985இல் தொடங்கிய ஸ்காபரோ இலகு ரயில், 2023 ஜூலையில் தடம்புரண்டதோடு நிரந்தரமாக நின்றுபோனது. அதன் இடத்துக்கு வரவேண்டிய சுரங்க ரயில் நீட்சி 7.8 கிலோமீற்றர், மூன்றே நிலையங்கள். அதுவரை பேரூந்து.

இங்கே 1971ஐ மறக்க முடியாது. அந்த ஆண்டு ஜூனில் முதலமைச்சர் பில் டேவிஸ், நகரின் நடுவை நோக்கித் திட்டமிட்ட ஸ்பதைனா விரைவுச்சாலையை நிறுத்தினார். நகரியல் எழுத்தாளர் ஜேன் ஜேகப்ஸ் உள்ளிட்டோரின் எதிர்ப்பு வென்றது. நகரின் பழைய குடியிருப்புகள் பிழைத்தன. அந்தச் சாலையில் கட்டிமுடிந்த பகுதியான அலன் வீதி எக்ளின்டனோடு முடிந்துபோவது அதன் தழும்பு. சாலை ஆதரவாளர்கள் இன்றும் சொல்வார்கள்: திட்டமிட்ட விரைவுச்சாலை வலையின் மற்ற இழைகளை அறுத்துவிட்டு, எஞ்சிய ஒன்றின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றினால் அது என்ன செய்யும்? இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. நிறுத்தியது சரி. நிறுத்திய சாலைகளுக்கு ஈடாகப் போதிய ரயிலைப் போடாமல் விட்டதுதான் தவறு.

சாலையை அகட்டினால் நெரிசல் தீருமா என்ற கேள்விக்குப் பெரிதும் பேசப்பட்ட விடை ரொறொன்ரோவிலிருந்துதான் வந்தது. அப்போது ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜில் டுராண்டன், மத்தியூ ரேணர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்க நகரங்களின் தரவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரையில், மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளின் நீளமும் தடங்களும் எந்த விகிதத்தில் கூடுகின்றனவோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் வாகனங்கள் ஓடும் தூரமும் கூடுகிறது என்று கண்டார்கள். சாலையை எதிர்ப்பவர்கள் இந்த வரியை மட்டும் எடுத்துக் காட்டுவார்கள். அதே கட்டுரை, பொதுப் போக்குவரத்தைக் கூட்டினாலும் நெரிசல் குறையவில்லை என்றும் சொல்கிறது. ரயில் போட்டால் 401 காலியாகும் என்று எதிர்பார்ப்பதும் வீண்தான். ரயிலின் பயன் வேறு: நெரிசலில் சிக்காமல் போக விரும்புகிறவருக்கு அது வழி தருகிறது. நெரிசலையே குறைக்க அவர்கள் முன்வைத்த முக்கிய வழி, சாலைக்கு விலை வைப்பது.

சாலையின் பக்கத்தில் வாழ்பவர்கள் கொடுக்கும் விலையை இந்தக் கணக்குகள் பிடிப்பதில்லை. ஒன்ராறியோவின் 66 இலட்சம் வயதுவந்தோரை வைத்து நடத்தப்பட்டு 2017இல் லான்செற் இதழில் வந்த ஆய்வு, பெருவீதிகளிலிருந்து 50 மீற்றருக்குள் வாழ்பவர்களிடம் மறதிநோய் ஆபத்து 7 வீதம் அதிகம் என்றது. தூரம் கூடக் கூட அது குறைந்து, 200 மீற்றருக்கு அப்பால் மறைந்துபோகிறது. தொடர்பைத்தான் அது காட்டியது, காரணத்தை நிறுவவில்லை. ஆனாலும் 401இன் ஒலித்தடுப்புச் சுவருக்குப் பின்னாலுள்ள வீட்டுத் தொகுதிகளை எண்ணிப் பார்த்தால், அதைச் சும்மா தள்ளிவிட முடியவில்லை. கெனடி வீதியில் பாலத்தைக் கால்நடையாகக் கடந்து பாருங்கள். 401இல் ஏறும் அவசரத்தில் கார்கள் நடைபாதையை வெட்டித் திரும்புகிற இடத்தில், தள்ளுவண்டியோடு நிற்கும் தாய்க்கு யாரும் எளிதில் நிற்கமாட்டார்கள்.

சாலைக்கு விலை வைத்துப் பார்த்த அனுபவமும் நமக்கு இருக்கிறது: சில கிலோமீற்றர் வடக்கே ஓடும் 407 நெடுஞ்சாலை. 1997இல் திறந்தது, சுங்கச் சாவடியே இல்லை, கமெரா இலக்கத்தகட்டைப் படித்துக் கட்டணச் சிட்டையை வீட்டுக்கு அனுப்பிவிடும். அங்கே வாகனங்கள் ஓடுகின்றன. எனவே விலை வேலை செய்கிறது என்பது நிரூபணமாகிவிட்டது. ஆனால் 1999இல் மைக் ஹாரிஸ் அரசு அதை 99 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 3.1 பில்லியன் டொலருக்குக் குத்தகைக்குக் கொடுத்தது, கட்டணத்துக்கு உச்சவரம்பும் வைக்கவில்லை. பின்னர் வந்த அரசு நீதிமன்றம் வரை போயும் உயர்வைத் தடுக்க முடியவில்லை. வசூலாகும் பணத்தில் ஒரு பேரூந்துகூட வருவதில்லை. இதனால் மக்கள் மனதில் பதிந்தது, சாலைக் கட்டணம் என்றால் கொள்ளை என்பதுதான். நல்ல கருவியைக் கெட்ட ஒப்பந்தத்தில் கட்டிக் கொடுத்ததன் நட்டம் அந்த 3.1 பில்லியனைவிடப் பெரிது என்பேன்.

2024 செப்டெம்பரில் முதலமைச்சர் டக் ஃபோர்ட், 401க்குக் கீழே மேற்கில் பிராம்டன், மிசிசாகா பகுதியிலிருந்து கிழக்கில் மார்க்கம், ஸ்காபரோ வரை சுரங்கச் சாலை தோண்டும் எண்ணத்தை அறிவித்தார். 50 கிலோமீற்றருக்கு மேல் நீளம், கட்டணமும் இல்லையாம். பன்னிரண்டு தடங்களும் பதினெட்டுத் தடங்களும் நிரம்பிய அதே காரணத்தால் இதுவும் நிரம்பும், செலவு மட்டும் பலமடங்கு. 2025 ஜூன் 1 முதல் 407இன் மாகாண அரசுக்குச் சொந்தமான கிழக்குப் பகுதியில் கட்டணத்தையும் நீக்கிவிட்டார்கள். குத்தகைக்குப் போன, நெரிசலுக்கு மாற்றாக உதவக்கூடிய பகுதியில் கட்டணம் அப்படியே இருக்கிறது. சுரங்கத்துக்கு ஆய்வு செய்யும் அரசு அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்: நகரில் நிற்காமல் கடந்துபோகும் ட்ரக்குகளின் 407 கட்டணத்தை அரசே கட்டினால் ஆண்டுக்கு எவ்வளவு ஆகும், அதனால் 401இல் எத்தனை தடத்துக்கு ஈடான இடம் கிடைக்கும்? தோண்டாமலே விடை தெரிந்துவிடும்.