திரையில் மீளும் மாவீரரும் மரணத்தின் கனமும்

சூப்பர்ஹீரோ எனப்படும் மாவீரர் திரைப்படங்களில் நிகழும் மரணங்களுக்கு உண்மையான கனம் உண்டா? இவ்வினா இறையியல் ஏட்டிற்கு ஏற்றதன்று எனச் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் நம் வாலிபர் கூட்டங்களிலும் உயிர்த்தெழுதல் திருநாள் அருளுரைகளிலும் இப்படங்கள் எடுத்துக்காட்டுகளாக வந்து நிற்கின்றன. எடுத்துக்காட்டு வெறும் அணியன்று. தான் விளக்க வந்த பொருளையே அது மாற்றிவிட வல்லது. ஆகவே இதனை ஆராய்வது நம் கடனாகிறது.

இப்படங்கள் தனித்தனிக் கதைகள் அல்ல. ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் வரிசைகள். வரிசை தொடர மாவீரன் வேண்டும். எனவே அவனது சாவு பெரும்பாலும் ஓர் இடைவேளையாகவே முடிகிறது. திரைக்கு வருமுன் படக்கதை ஏடுகளிலேயே இவ்வழக்கம் வேரூன்றிவிட்டது. 1992-இல் மாண்ட சூப்பர்மேன் அடுத்த ஆண்டே மீண்டான். 2018-இல் வெளிவந்த ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ படத்தில் அண்டத்து உயிர்களில் பாதி தூசியாய் உதிர்ந்தன. அவ்வாறு உதிர்ந்த ஸ்பைடர்மேனின் அடுத்த படத்திற்கோ, வெளியீட்டு நாள் முன்னரே குறிக்கப்பட்டிருந்தது. அரங்கில் கண்ணீர் வடித்தவர்களுள் பலரும் இதனை அறிந்தே வடித்தனர்.

நம் தமிழ்ப் படவுலகும் இதற்கு விலக்கன்று. ஷங்கர் இயக்கிய ‘எந்திரன்’ (2010) படத்தின் முடிவில், நீதிமன்ற ஆணைக்கிணங்கச் சிட்டி என்னும் இயந்திர மனிதன் தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைத்து விடைபெறுகிறான். பேராற்றல் படைத்த ஒருவன் தன் முடிவுக்குத் தானே இசைவதால் அக்காட்சி நெஞ்சைத் தொடுகிறது. ‘2.0’ (2018) படமோ, நகருக்கு இடர் வந்ததும் அவனை மறுபடி பூட்டி எழுப்புகிறது. கழற்றிய இயந்திரத்தைப் பூட்டலாம் என்பது சரியே. ஆனால் முன்னைய விடைபெறுதல் எவரையும் மாற்றியதாக இரண்டாம் படம் காட்டவில்லை. அதே படத்தில், பறவைகளுக்காகப் போராடித் தோற்று உயிரை மாய்த்துக்கொள்ளும் பட்சிராஜனின் சாவுக்கே கனம் இருக்கிறது. பின்வரும் இடரனைத்தும் அச்சாவிலிருந்தே பிறக்கிறது.

அங்ஙனமாயின், மாண்டவர் மீள்வதே கதைக்குக் குறையா? மயிலாப்பூரில் வாழ்வோர் அவ்வாறு கூறவியலாது. பெரியபுராணம் கூறும் பூம்பாவை வரலாறு இவ்வூருக்குரியது. சிவநேசர் என்னும் வணிகர் தம் மகளைத் திருஞானசம்பந்தருக்கே உரியவளெனக் கொண்டிருந்தார். அவள் பாம்பு தீண்டி இறக்கவே, எலும்பையும் சாம்பலையும் குடத்தில் இட்டுக் காத்தார். சம்பந்தர் பாட, அவள் உயிருடன் எழுந்தாள். கதை அங்கே முடியவில்லை. உயிர் தந்தமையால் தாம் தந்தை முறையாகிவிட்டதாகக் கூறிச் சம்பந்தர் மணத்தை மறுத்தார். மகளைத் திரும்பப் பெற்ற தந்தை, தாம் விரும்பிய மருமகனைப் பெறவில்லை; அவளும் பழைய வாழ்வுக்குத் திரும்பவில்லை. கபாலீசுவரர் கோயிலில் ஆண்டுதோறும் பங்குனித் திருவிழாவில் இந்நிகழ்ச்சி நடித்துக் காட்டப்படுகிறது. முடிவை அறிந்தே மக்கள் கூடுகின்றனர். ஆகவே, முடிவு முன்னரே தெரிவதாலும் கனம் குறைந்துவிடுவதில்லை. மரணம் நிகழ்ந்தது என்பதைக் கதை பின்னர் மறந்துவிடுகிறதா என்பதே உரைகல்.

இவ்வுரைகல்லில் உரைத்தால் மாவீரர் படங்கள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல என்பது விளங்கும். பிளாக் பேந்தர் எனப்படும் அரசன் டிச்சாலா 2018-இல் தூசியானான். 2019-இல் ‘எண்ட்கேம்’ படத்தில் மீண்டான். அச்சாவை இன்று எவரும் பெரிதாக நினைவுகூர்வதில்லை. 2020 ஆகஸ்டில் அப்பாத்திரத்தில் நடித்த சாட்விக் போஸ்மேன் புற்றுநோயால் மறைந்தார். 2022-இல் வந்த ‘வகாண்டா ஃபாரெவர்’ படத்தில் வேறு நடிகர் அவ்விடத்தில் அமர்த்தப்படவில்லை. அரசனின் இறப்போடு படம் தொடங்குகிறது. தங்கையின் ஆறாத் துயரமும் சினமும் அதனை நடத்திச் செல்கின்றன. ஒரே பாத்திரத்தின் இரு சாவுகளில் பின்னதே கனமுடையது. ‘எண்ட்கேம்’ படத்தில் உலகைக் காத்து மாளும் அயர்ன்மேனுக்குத் தமிழில் விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். அம்மரணமும் கதைக்குள் மாற்றப்படவில்லை. எனினும் அவ்வேடம் பூண்ட ராபர்ட் டவுனி ஜூனியர் வேறொரு பாத்திரமாக அதே வரிசைக்குத் திரும்புவார் என 2024-இல் அறிவிக்கப்பட்டது. கதை விடைகொடுத்த முகத்தை வணிகம் திரும்ப அழைக்கிறது.

இனி நம் பிரசங்க பீடத்திற்கு வருவோம். கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலை மாவீரனின் மீட்சிக்கு ஒப்பிடுவோர், யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தை மீண்டும் வாசித்தல் நலம். உயிர்த்த ஆண்டவரின் உடலில் காயங்கள் மறைந்துவிடவில்லை. தோமா காண விரும்பியதும் அக்காயங்களையே. அத்தோமாவின் கல்லறை உள்ள இடமென மரபு போற்றும் சாந்தோம், கபாலீசுவரர் கோயிலுக்கு அண்மையிலேயே உள்ளது. சிலுவை நிகழாதது போல நற்செய்தி நம்மை ஈஸ்டருக்கு அழைத்துச் செல்வதில்லை.

அடக்க ஆராதனையில் நம் முன் அமர்ந்திருக்கும் தாய்க்கு அடுத்த பாகம் என்று ஒன்றில்லை. எல்லாம் சரியாகிவிடும் என விரைந்து கூறும் அருளுரை அவளது இழப்பை இடைவேளையாக்கிவிடுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் உறவினர் கூட அருகிருக்க இயலாமல் அடக்கங்கள் நடந்தன. அக்குடும்பங்கள் இன்றும் நம் சபைகளில் உள்ளன. திரைப்படத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ள விரும்பும் மாணவர், மீண்டு வந்த மாவீரனை விட்டு, அண்ணனை இழந்த அத்தங்கையின் துயரத்திலிருந்து தொடங்கலாம். உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைக் கேட்க அத்தாய்க்குச் செவி வாய்ப்பது, அவளது துயரத்திற்கு நாம் இடம் கொடுத்த பின்னரே.