கடைசி மூன்று விரற்கடை

சங்கத்தின் விழா மலர்க்குழுவினர் இரண்டு முறை நினைவூட்டிய பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். வலுவும் ஹாப்ஸும் மிகுந்த ஆங்கில ஏல் பீர், அதன் வழிகள், அதன் தரம் என்பது தலைவர் ஐயா கொடுத்த பொருள். தலைப்பு மட்டும் என்னுடையது. சங்கம் தொடங்கிய நாளில் ஐயாவின் வீட்டுச் சமையலறையில் நின்றபடி ருசி பார்த்த ஆறு பேரில் நானும் ஒருவன். அவர்களில் மூவர் இன்று நம்மோடு இல்லை. அன்று அந்த மூத்தவர்கள் வைத்த அளவுகோலை நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

பர்ட்டன், லண்டன், யார்க்ஷயர் என்ற மூன்று வழிகளைப் பற்றி நம் உறுப்பினர்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. யார்க்ஷயர் வழியைச் சுருக்கமாகவே சொல்கிறேன்; அந்த வழியில் ஊறிய நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். பலகைக்கல் தொட்டியில் நொதித்து, குழாய் முனையில் சல்லடை மாட்டி, பாலாடை போல நுரை கட்டி ஊற்றும் அந்த முறையில் உருண்டையான, மென்மையான ஏல் கிடைக்கும். டாட்காஸ்டரில் சாமுவேல் ஸ்மித் இன்றும் கல்தொட்டியைக் கைவிடவில்லை என்பது போற்ற வேண்டியது. ஆனால் ஹாப்ஸின் கூர்மையைத் தேடுகிறவருக்கு அந்த நுரை ஒரு போர்வை. கசப்பும் வாசமும் நுரையோடு மேலே போய்விடுகின்றன.

பர்ட்டனின் கதை வேறு. ட்ரென்ட் ஆற்றங்கரைக் கிணறுகளில் ஜிப்சம் கரைந்த தண்ணீர். அந்தத் தண்ணீரில் ஹாப்ஸின் கசப்பு வழவழப்பில்லாமல், உலர்ந்து, நேராக வந்து நிற்கும். ஊற்றியவுடன் தீக்குச்சி உரசியது போல ஒரு கந்தக வாசம் எழும். அதைக் குற்றமென்று நினைத்துக் கிளாஸைத் தள்ளிவைத்த புதியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓரிரு நிமிடத்தில் அது விலகி வழிவிடும். இந்தியாவுக்குக் கப்பலேறிய வெளிர் ஏல், அதாவது இந்தியா பேல் ஏல், லண்டன் போ பகுதியில் ஹாட்ஜ்சனின் ஆலையிலிருந்துதான் முதலில் பேர் வாங்கியது. 1820களில் ஆல்சாப்பும் பாஸும் பர்ட்டனிலிருந்து அந்தச் சந்தையில் இறங்கினார்கள். பின்னர் கல்கத்தாவிலும் மதராஸிலும் பம்பாயிலும் இறங்கிய பீப்பாய்களில் பர்ட்டன் முத்திரையே மிகுந்தது. கடல் பயணத்துக்கென்றே ஹாட்ஜ்சன் புதிதாகக் கண்டுபிடித்தார் என்ற பழைய கதையை மார்ட்டின் கார்னெல் ஆதாரங்களோடு தகர்த்துவிட்டார். அக்டோபரில் காய்ச்சி நாள்பட வைத்துக் குடித்த நாட்டுப்புற ஏலின் வாரிசுதான் அது. கறுப்பு பீரான போர்ட்டரும் அதே கப்பல்களில் கெடாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பர்ட்டனில் ஏல் நொதிக்க வரிசையாகப் பிணைத்து நிறுத்திய யூனியன் பீப்பாய்களைக் கடைசிவரை வைத்திருந்தது மார்ஸ்டன்ஸ் ஆலை. 2024இல் அவையும் ஓய்வுபெற்றன. ஒரு தொகுதியை டார்பிஷயரின் தார்ன்பிரிட்ஜ் ஆலை பெற்று நிறுவியது. அந்தச் செய்தி வந்த அன்று ஐயா எனக்குத் தொலைபேசியில் பேசினார். வெகுநேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

இனி என் வழி. லண்டன் வழி என்பதைக் கென்ட் வழி என்றே சொல்லலாம், ஏனென்றால் அதன் உயிர் கென்ட்டின் ஹாப்ஸ் தோட்டங்களில் இருக்கிறது. என் ஆசான் கிழக்கு லண்டன்காரர். பப் ஒன்றின் நிலவறையை முப்பது ஆண்டுக்கு மேல் பார்த்துக்கொண்டவர். சிறுவயதில் ஒவ்வொரு செப்டம்பரிலும் தாயோடும் அத்தைமாரோடும் கென்ட்டுக்கு ஹாப்ஸ் பறிக்கப் போனவர். பறித்துப் பறித்து விரல்களில் கறுப்புப் பிசின் ஏறிவிடுமாம். மத்தியானம் ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்தால் ரொட்டியே கசக்குமாம். கோல்டிங்ஸ், ஃபகிள் என்ற ஹாப்ஸ் வகைகளை அவர் முதலில் அறிந்தது அப்படித்தான், கிளாஸில் பிறகுதான். 1878இல் இங்கிலாந்தில் சுமார் 72,000 ஏக்கரில் ஹாப்ஸ் விளைந்தது. அந்தப் பெருந்தோட்டங்களின் கடைசிக் காலத்தைக் கையால் தொட்டவர் அவர்.

அவர் சட்டைப் பையில் ஒரு சிறு வெப்பமானி எப்போதும் இருக்கும். நிலவறை 12 டிகிரி. வலுவான ஏல் என்றால் 13. கிளாஸில் ஊற்றி அரைமணி நேரம் வைத்துக் குடிக்க வேண்டும், அதுவரை பேனாவைத் தொடக் கூடாது. மூன்று விரற்கடை ஏல் மிச்சமிருக்கும்போதுதான் குறிப்பு எழுதலாம். முதல் மடக்கில் தெரிவது குடிப்பவரின் தாகம், ஏல் தன்னைக் காட்டுவது கடைசியில்தான் என்பார்.

கிரீன்விச் மீன்டைம் ஆலையின் இந்தியா பேல் ஏல் கார்க் அடைத்த பெரிய பாட்டிலில் வந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு நவம்பர் மாலை அவர் எனக்கு அதை வைத்தே பாடம் சொன்னார். சாராய அளவு 7 சதவீதத்துக்கு மேல். ஹாப்ஸ் ஃபகிளும் கோல்டிங்ஸும்தான். இரண்டு நாள் நிமிர்த்தி வைத்திருந்த பாட்டிலை விளக்குக்கு எதிரே பிடித்து, கை ஒரே சாய்வில் நிற்க, நிறுத்தாமல் ஊற்றினார். கழுத்தை நோக்கி அடிமண்டி புகைபோல நகர்ந்ததும் கையை நிமிர்த்திவிட்டார். பாட்டிலில் ஒரு விரற்கடை தங்கியது. கிளாஸில் பழைய செப்புக்குடத்தின் நிறம்.

முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. மண்வாசம், கொஞ்சம் புதினாத் தண்டு, குமிழியின் குத்தல். பத்து நிமிடம் போனதும் நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளியது போல எண்ணெய் வாசம் வந்தது, அதன் பின்னால் தேனும் காய்ந்த வைக்கோலும். கசப்பு நாக்கின் ஓரங்களில் ஏறி, நெய்யில் வறுத்த வேப்பம்பூ போல ஒரு கருகலோடு தங்கியது. மால்ட் அடியில் ரொட்டி மேல்தோலாக இருந்தது. கிளாஸில் மூன்று விரற்கடை மிச்சமிருந்தபோது எல்லாம் தலைகீழாயிற்று. கசப்பு துவர்ப்பாக மாறி, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் ஊறுமே, அந்த இனிப்பு தொண்டையிலிருந்து மேலே வந்தது. ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கசப்பையும் துவர்ப்பையும் வேறு வேறு சுவையாக எண்ணி வளர்ந்த நமக்கு இந்த இடத்தில் ஒரு வசதி உண்டு. நெல்லிக்காயை விளக்கிச் சொன்னேன். ஆசான் தலையசைத்தார்.

ஃபுல்லர்ஸின் ஈஎஸ்பியையும் அவர் இதே முறையில்தான் எடைபோட்டார். 1971இல் வந்த அந்த ஏல் பிரிட்டனின் சாம்பியன் பட்டத்தை 1978, 1981, 1985 என மூன்று முறை வென்றது. அந்த ஆலையின் ஈஸ்ட் தரும் ஆரஞ்சு மர்மலேட் வாசம் சில்லிப்பு விட்ட பிறகுதான் முழுதாக வரும்.

இந்த இடத்தில் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. நம் அவையில் உள்ளவர்களை நான் குறிக்கவும் இல்லை. நல்ல நாக்கு படைத்த, உழைப்பாளிகளான இளைஞர்கள் பலர் இன்று ருசிபார்ப்பில் இருக்கிறார்கள். ஆனால் 4 டிகிரியில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, மருந்துக் குவளை அளவில் ஊற்றி, ஒரு மடக்கு விழுங்கி, மாம்பழ வாசம் இல்லையென்று மதிப்பெண் குறைக்கிறார்களே, அதை எப்படி ஏற்பது? அந்தக் குளிரில் வாசம் எழாது. மால்ட் ஊமையாகிவிடும். கசப்பு மட்டும் துணையில்லாமல் கடிக்கும். பிறகு இந்த ஏல் முரடு என்று எழுதுகிறார்கள். அதைப் படித்துப் பப்காரர் வாங்குவதைக் குறைக்கிறார். ஆலைக்காரர் ஹாப்ஸைக் குறைக்கிறார், அல்லது கடல்தாண்டி வரும் பழவாசனை ஹாப்ஸுக்கு மாறுகிறார். கென்ட்டின் தோட்டக்காரர் கொடியைப் பிடுங்குகிறார். ஒரு மடக்கின் அவசரம் ஒரு நிலத்தையே தரிசாக்குகிறது! பிரிட்டனில் 2023 ஆகஸ்டில் வந்த வரிமுறை 3.5 சதவீதச் சாராய அளவுக்குக் கீழே சலுகை தந்ததிலிருந்து பழைய ஏல்கள் பலவற்றில் தண்ணீர் கூடிவருகிறது. இந்தியா பேல் ஏல் என்ற பெயரை அந்த மெலிந்த தண்ணீருக்கும் ஒட்டக் கூசாதவர்கள் இருக்கிறார்கள். அதையும் குளிர்தான் மறைத்துக்கொடுக்கிறது. ஒரு கிளாஸோடு அரைமணி உட்கார முடியாதவர்கள் ஒரு மனிதரோடு எப்படி உட்காருவார்கள் என்றுகூட ராத்திரிகளில் நினைத்துக்கொள்வேன். வயதானவனின் புலம்பல் என்று சொல்வார்கள். சொல்லட்டும், ஆசானின் நிலவறையில் நின்றவன் நான்.

ஐயாவும் மூத்தவர்களும் இத்தனை ஆண்டு இந்த முறையைக் காத்துவந்திருக்கிறார்கள். நம் மாதக் கூட்டத்தில் இன்றும் முழு கிளாஸ்தான் வருகிறது, அதற்கு என் வணக்கம்.

விழா மாலைக்கு ஆறு பாட்டில் கொண்டுவருகிறேன். என் வீட்டு மாடிப்படியின் கீழே, ஆசான் விட்டுப்போன வெப்பமானியின் பக்கத்தில் அவை நிமிர்ந்து நிற்கின்றன. இன்று காலை 12 காட்டியது. மண்டபத்துக்கு வந்ததும் ஏற்பாட்டாளர்கள் அவற்றை ஃபிரிட்ஜில் அடுக்க வேண்டாம். மேசை மேலேயே இருக்கட்டும், ஊற்ற நான் வந்துவிடுவேன்.