வலை வீச இருபது பக்கப் பகடை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் சண்டை விதிகளை வரி பிசகாமல் ஒப்பிப்பவர்களைச் சென்னையில் பார்த்திருக்கிறேன், பெங்களூரில் பார்த்திருக்கிறேன். அந்த விதிகளைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிறவர்களைப் பழவேற்காட்டில்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு வேறெங்கே ஆட உட்கார்ந்தாலும் சப்பென்று இருக்கிறது. இந்த ஆட்டம் பழகிய எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பொன்னேரியில் பஸ் ஏறுங்கள், ஏரிக்கரைக் குப்பத்தில் நாலு பேரைப் பிடியுங்கள், பகடையை உருட்டுங்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒருவர் கதையை நடத்துவார், அவர் டிஎம். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாகவோ மந்திரக்காரியாகவோ நுழைந்து, செய்ய நினைப்பதை வாயால் சொல்வார்கள். வெட்டு விழுமா விழாதா என்பதை இருபது பக்கப் பகடை சொல்லும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் கொண்டுவந்த ஆட்டம் இது. முதலில் வந்த மூன்று சிறு புத்தகங்களில் மூன்றாவதிலேயே கப்பல் சண்டைக்கு விதி உண்டு. ஆர்னஸன் கடற்போர் விளையாட்டுப் பித்தர். ஆக, பிறவியிலேயே இதற்குக் கொஞ்சம் உப்புக்காற்று அடித்திருக்கிறது.

என் மனைவிக்கு ஊர் பழவேற்காட்டு ஏரிக்கரை. அங்கே எனக்கு வாய்த்த ஆட்டக்காரர்கள் மூன்று பேர்: மச்சான், நான் மாமா என்று கூப்பிடும் மனைவியின் சித்தப்பா, அத்தை என்று கூப்பிடும் என் மாமியார். ஆங்கிலப் புத்தகத்தைக் காட்டி யாரையும் மிரட்ட வேண்டிய அவசியமே இல்லை. 2023 ஜனவரியில், இந்த ஆட்டத்தை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டது. யாரும் மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம். நான் தமிழில் தட்டச்சு செய்து, ஸ்பைரல் போட்டு எடுத்துப் போனேன்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது, இன்பமும்.

2014 பதிப்பில் வலை ஓர் ஆயுதம். 5 அடி வரை சாதாரணமாக வீசலாம், 15 அடி வரை தூர வீச்சு. தூர வீச்சென்றால் டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். சரி, 5 அடிக்குள் வீசலாமே என்றால், எதிரி பக்கத்தில் நிற்கும்போது வீசுகிற எதற்கும் அதே டிஸ்அட்வான்டேஜ். நான் படித்துக் காட்டி முடிக்கவில்லை, மாமா கையை உயர்த்தினார்.

"கிட்டப் போனாலும் தப்பு, எட்டி நின்னாலும் தப்பு. அப்ப இந்த வலைய எங்க நின்னுதான் வீசுறது மாப்ள?"

உலகம் முழுக்க டிஎம்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி அது! வீச்சு வலையைத் தோளில் சுமந்து வளர்ந்த மனிதருக்கு அதைப் பிடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்து நடந்ததுதான் என் பகடை வாழ்க்கையின் உச்சம். மாமா உள்ளே போய் வலையையே எடுத்து வந்துவிட்டார். மச்சான் வாசலில் எதிரி அரக்கன் கோப்ளினாக நின்றான். கயிற்றின் சுருக்கை இடது மணிக்கட்டில் மாட்டி, வலையில் பாதியை முழங்கை மேல் போட்டுக்கொண்டு, ஈயக்குண்டு கோத்த விளிம்பை வலது கையில் அள்ளினார். முதலில் 5 அடியில் நின்று வீசினார். வலை விரியாமல் மூட்டையாக மச்சான் தோளில் விழுந்தது. அவன் உதறிவிட்டுச் சிரித்தான். பிறகு இரண்டு பாகம் தள்ளி நின்று, இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி விட்டார் பாருங்கள்! காற்றிலேயே வட்டமாகத் திறந்து, ஈயம் எல்லாம் ஒரே நேரத்தில் தரையில் பட, கோப்ளின் உள்ளே.

"விரிஞ்சாத்தான் வலை. விரியலன்னா வெறும் கயிறு" என்றார் மாமா.

தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டது. 5 அடிக்குள் டிஸ்அட்வான்டேஜ் நியாயம், அதற்கு மேல் 15 அடி வரை எந்தத் தடையும் கிடையாது. நீருக்கடியில் நடக்கும் சண்டைக்கான விதியில் வலைக்குச் சலுகை தந்திருப்பதைப் படித்தபோது மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "முழுகிக்கினு எவன்யா வீச்சு வலை வீசுவான்?" ஆகவே எங்கள் மேசையில் இடுப்பளவுத் தண்ணீர் நீருக்கடி ஆகாது. பழவேற்காட்டு ஏரியில் பெரும்பகுதி அவ்வளவு ஆழம்தான் என்பதால் இந்தத் தீர்ப்புக்குத் தினமும் வேலை இருக்கிறது.

2024இல் வந்த புதிய பதிப்பைப் பிரித்தபோது துள்ளினேன். வலையை ஆயுதப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டார்கள். 15 அடிக்குள் யார்மேலும் வீசலாம், தப்பிப்பதற்குச் சிக்கியவன்தான் பகடை உருட்ட வேண்டும். மாமாவிடம் சொன்னேன். "வீசுறது நம்ம வேலை, தப்பிக்கிறது மீனோட சாமர்த்தியம். இதுக்குப் பத்து வருசமா?" என்றார்.

இந்தக் கூர்மை எங்கிருந்து வருகிறது? ஒன்று, தாயம். வெட்டாதவன் உள்கட்டத்துக்குள் போகக் கூடாது என்று ஒரு தெரு சொல்லும், போகலாம் என்று அடுத்த தெரு சொல்லும். அந்தச் சண்டையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு விதியில் ஓட்டை கண்டுபிடிக்கச் சொல்லித்தரவா வேண்டும்? இன்னொன்று, பாடு. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று முறை வைத்துச் சுழற்றுகிற ஊர் ஏற்பாடு அது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1991இல் இதைப் பற்றித் தனி ஆய்வே வெளியிட்டது. சண்டையில் யார் முதலில் என்று தீர்மானிக்கும் இனிஷியேட்டிவ் விதியை நகரத்தில் விளக்கக் கால்மணி நேரம் ஆகும். இங்கே "பாடு மாரி" என்று மச்சான் முடித்துவிட்டான். முடித்ததோடு விட்டானா? "ஒருவாட்டி பெரிய நம்பர் போட்டவனே சண்டை முடியிற வரைக்கும் ஃபர்ஸ்ட்டா? சுத்திவர வேணாம்?" பழைய பதிப்புகளில் சுற்றுக்குச் சுற்று மறுபடி உருட்டினார்கள் என்றேன். அதுதான் சரி என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள், அப்படியே ஆடுகிறோம்.

கதைக்களத்துக்கும் பஞ்சமில்லை. டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இடிந்து கிடக்கிறது, பக்கத்திலேயே அவர்கள் கல்லறைத் தோட்டம். அதன் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இதைவிட ஒரு டிஎம்முக்கு என்ன வேண்டும்! எங்கள் கதையில் இரண்டும் இறங்கி வந்தன. புத்தகத்தில் எலும்புக்கூட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு, நசுக்கும் அடி பட்டால் சேதம் இரட்டிப்பு. மச்சான் வாளைக் கீழே போட்டுவிட்டுப் படகு தள்ளும் கழியை எடுத்தான். கழி புத்தகத்தின் ஆயுதப் பட்டியலில் இல்லை. கையில் கிடைத்த பொருள் என்று வைத்தால் நாலு பக்கப் பகடை மட்டுமே. ஆனால் ஆயுதத்தைப் போலவே இருக்கும் பொருளை அந்த ஆயுதமாகவே கொள்ளலாம் என்றும் விதி சொல்கிறது. நீண்ட தடியை இரண்டு கையால் பிடித்தால் எட்டுப் பக்கம். மச்சான் வாதாடி வாங்கினான், எட்டு விழுந்தது, இரட்டித்துப் பதினாறு. டச்சுக்காரன் தூள்.

ஆனாலும் எங்கள் மேசையின் உச்ச நீதிமன்றம் மாமியார்தான். ராட்சத நண்டு வந்த இரவில் அது உறுதியாயிற்று. 2014 பதிப்பின் ராட்சத நண்டுக்குக் கவசம் 15, உயிர்ப்புள்ளி 13. கொடுக்கில் பிடித்தால் ஆள் சிக்கிக்கொள்வார். ஏரி நண்டைப் பிடித்துக் கொடுக்கை நூலால் கட்டிச் சந்தைக்கு அனுப்பிப் பழகிய கை அத்தையுடையது.

"பின்னாடி போயி அமுக்குறேன். கொடுக்கு எப்படி எட்டும் மாப்ள?"

இந்த ஆட்டத்தில் முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, சுற்றி எங்கே நின்றாலும் அடி விழும் என்றேன். அத்தை என்னைப் பார்த்த பார்வைக்குப் பயந்து டிஎம் வழிகாட்டி நூலைப் புரட்டினேன். இருக்கிறது! விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் விதியாக: எதிரே உள்ளவரையும் பக்கவாட்டில் உள்ளவரையும்தான் தாக்க முடியும், பின்னாலிருந்து தாக்குபவருக்கு அட்வான்டேஜ். அத்தை அந்த நூலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கொடுக்கைக் கட்டுவதற்கு எங்குமே விதியில்லை, நாங்களே எழுதினோம். சண்டையில் ஒரு சுற்று ஆறு விநாடி. அத்தை கட்டுகிற வேகத்துக்கு அதுவே தாராளம் என்பதால் ஒரு சுற்று, ஒரு பகடை.

அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. பிடிபட்ட நண்டு கொடுக்கை உதிர்த்துவிட்டு ஓடிவிடும் என்று மாமா ஓர் ஆட்சேபம் கிளப்பினார், நிஜ நண்டு செய்வதும் அதுதான். அப்படி ஓடினால் 13 உயிர்ப்புள்ளியில் எத்தனை கழிப்பது? மாமா நாலு என்கிறார். அதுவாக உதிர்த்ததற்கு எதற்குக் கழிக்க வேண்டும் என்கிறான் மச்சான். உதிர்ந்த கொடுக்கு யார் பங்கு, அதை முதலில் சொல் என்கிறார் அத்தை.